இருபத்தொன்பதாவது மஞ்சள்

மலையேறுவதற்குச் சப்பாத்து வாங்கும்போது அரை அளவு பெரிதாக வாங்க வேண்டும். ஏறும்போது வித்தியாசம் தெரியாது. இறங்கும்போதுதான் விரல்கள் முன்னுக்குப் போய் இடித்து நகம் கறுக்கும். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. மருதானையில் நான் முதல் சோடி வாங்கியபோது எனக்கும் ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு பெருவிரல் நகங்களும் விழுந்துவிட்டன. அந்த நகங்கள் விழுந்த மாதத்தைப் போல ஒரு சந்தோசமான மாதம் என் சீவியத்தில் அதற்கு முன் இருக்கவில்லை, ஐயா.

நீங்கள் ஆறுதலாக எழுதலாம். நானும் இருபத்திரண்டு வருடம் சுருக்கெழுத்து எழுதினவள்தான், எழுதுகிறவரின் கை எங்கே நோகும் என்று தெரியும். பெயர் மெற்றில்டா சவிரிமுத்து. வயது நாற்பத்தைந்து. கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிக்கட்டடத்தின் மூன்றாம் தட்டில் தனியாக இருக்கிறேன். வேலை கோட்டையில், ஒரு கப்பல் முகவர் நிலையத்தில். கலியாணம் கட்டவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை, கேட்டு வந்தவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தொடக்கத்தில் சண்டை நின்றிருந்ததல்லவா. அந்த நாலு மாதமும் கொழும்பில் தமிழ்ச்சனம் கொஞ்சம் சத்தமாகக் கதைத்தது. எங்கள் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தட்டில் இருந்த வங்கியில் கௌரி என்றொரு பிள்ளை வேலை செய்தாள். வெள்ளவத்தைப் பிள்ளை, சொந்த இடம் யாழ்ப்பாணம். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம் என்னிடம், "அன்ரி, என்ர மாமா ஆக்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போறார். ஒருக்கா வந்து பாருங்கோ. ஏலாட்டி வானுக்குள்ள இருக்கலாம்" என்றாள்.

கௌரியின் மாமாதான் தியாகராசா. நில அளவைத் திணைக்களத்தில் சேவையராக இருந்து இளைப்பாறியவர். மாத்தளைக்குக் கிழக்கே இருக்கும் அந்தக் கருங்கல் மலைத்தொடரை இளவயதில் சங்கிலி பிடித்து அளந்தவர். ஒல்லி மனிதர், கால்கள் மட்டும் ஆட்டுக்குட்டியினுடையவை. மலைமுகட்டின் மேலாகவே பன்னிரண்டு கிலோமீற்றர் நடக்க ஒரு பாதை போடலாம் என்று அவருக்கு நெடுநாளாக ஒரு எண்ணம். சண்டை நின்ற கையோடு அனுமதிக் கடிதமும் எடுத்துவிட்டார். பாதை போடுவது என்றால் வெட்டுவது அல்ல. கல்லுக்குக் கல் கையகலத்தில் மஞ்சள் பெயின்ற் அடையாளம் வைப்பது. ஒரு மஞ்சளில் நின்றால் அடுத்த மஞ்சள் தெரிய வேண்டும். அதுதான் சட்டம்.

நான் வானுக்குள் இருக்கவில்லை. கௌரியின் தம்பியின் களிசான் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் போட்ட மேசுக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு ஏறினேன். காட்டுக்குள் இரண்டு மணித்தியாலம் செத்துப் பிழைத்தேன். பிறகு மரங்கள் முடிந்துவிட்டன. முகட்டில் கால் வைத்தோம். இடது பக்கம் மேகம், வலது பக்கம் வெயில், நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்குக் கருங்கல். அந்தக் கட்டிலும் ஓரிடத்தில் சுருங்கிக் குதிரை முதுகு மாதிரி ஆகிவிடும். அதில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து அரக்கி அரக்கிப் போக வேண்டும். கப்பல் பற்றுச்சீட்டு அடிக்கிற நான், மாதாகோவில் பாடற்குழுவில் மூன்றாம் வரிசையில் நிற்கிற நான், வானத்தில் குதிரையோடுகிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. கௌரிக்கும் தொற்றியது. வான் ஓட்டி வந்த மருதானை ராசிக் பின்னால் குந்தியிருந்து, "மிஸ், சும்மா ஈங்க மிஸ், நானும் உழுந்திருவேன்" என்று சொல்லிக்கொண்டே சிரித்தான். தியாகராசா ஐயா மட்டும் திரும்பிப் பார்த்து, "கனக்கச் சிரியாதையுங்கோ, கால் தளரும்" என்றார். அவருடைய தோளும் குலுங்கியது.

மொத்தம் அறுபத்து நாலு மஞ்சள். எல்லாவற்றுக்கும் டின்னைப் பிடித்தவள் நான். அவர் கல்லைத் துடைப்பார், அட்டையில் வெட்டிய அச்சை வைப்பார், தூரிகையால் இரண்டு இழுப்பு, அடியில் சின்னதாக இலக்கம். இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் சொல்வேன். ஏழு எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில். பதினெட்டைப் பார்க்கக் குனிய வேண்டும். முப்பத்திரண்டு தட்டைக்கல், அங்கேதான் பாணும் சீனிச்சம்பலும் சாப்பிடுவோம்.

பிறகு சண்டை திரும்ப வந்தது. அதைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டைக்குப் போக பஸ்ஸில் பதினைந்து நிமிடம், அதற்குள் இரண்டு முறை இறக்கி ஏற்றுவார்கள். கைப்பையைத் திற. அடையாள அட்டையைக் காட்டு. எங்கே பிறந்தாய், ஏன் வந்தாய், எப்போது போவாய். ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துப்போய், உள்பாவாடையோடு வீட்டில் இருந்த என்னை, ஒரு துவாயை மட்டும் சுற்ற விட்டு, பொலிஸ் நிலைய வாங்கில் ஆறு மணித்தியாலம் இருத்தினார்கள். நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது வேலை. அந்த ஆறு மணித்தியாலமும் நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று மஞ்சள்களை நடந்துகொண்டிருந்தேன். அறுபத்து நாலு முடிந்ததும் திரும்பி வந்தேன். நேரம் பறந்துவிட்டது.

மாதத்தில் இரண்டு முறை போனோம். சனி பின்னேரம் வெளிக்கிட்டு, மலையடித் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பழைய குவாட்டர்சில் படுத்து, ஞாயிறு ஏறுவோம். தோட்டத்துக் காவல்காரர் ராமையா எங்களுக்குத் தேத்தண்ணி வைத்துக் காத்திருப்பார். கொழும்பில் இருக்கும் நாட்களில் நான் ஐந்து கிலோ அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் இருபது முறை ஏறி இறங்குவேன். கீழ்த்தட்டுச் சனம் நான் அரிசி பதுக்குகிறேன் என்று நம்பியது. ஒரு மனிசி வந்து விலைகூடக் கேட்டாள். இரண்டு வருடத்தில் எங்கள் ஆட்களுக்குள் ஆக வேகமாக நடப்பவள் நான் என்றாகிவிட்டது. தியாகராசா ஐயாவின் கண்ணில் வெண்படலம் விழத் தொடங்கியிருந்தது. "எனக்கு இப்ப மஞ்சள் ஒண்டுதான் வடிவாத் தெரியுது" என்று பகிடி விடுவார்.

தொண்ணூற்றேழு கடைசியில், மலையடிச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அவருடைய பையிலிருந்து பாதையின் வரைபடத்தை எடுத்தான். கோடு, கோட்டில் மஞ்சள் புள்ளிகள், புள்ளிகளுக்கு இலக்கம். தமிழன் கையில் மலையின் வரைபடம். அவரை இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிறுத்திவைத்தார்கள். ராசிக் சிங்களத்தில் மஹத்தயா மஹத்தயா என்று கெஞ்சி, அனுமதிக் கடிதத்தைக் காட்டி மீட்டான்.

அடுத்த கிழமை வெள்ளவத்தையில் அவர் வீட்டு விறாந்தையில் என்னை இருத்திச் சொன்னார். "மெற்றில்டா, இனி இது சரிவராது. கௌரிக்கோ உமக்கோ ஒண்டு நடந்தா நான் ஆருக்குப் பதில் சொல்லுறது? குறியளைப் பாத்திட்டு நாளைக்கு எவனாவது இது புலியின்ர சைகை எண்டு சொன்னா, கடிதத்தில இருக்கிறது என்ர பேர்."

"விட்டிட்டா காணுந்தானே ஐயா. போகாமல் விடுவம்."

"குறி கல்லில இருக்கும் மட்டும் எனக்கு நித்திரை வராது. சாம்பல் நிறப் பெயின்ற் ரெண்டு டின் வாங்கி வைச்சிருக்கிறன். நீர் ஒரு பக்கத்தால வாரும், நான் மற்றப் பக்கத்தால வாறன். தட்டைக்கல்லில சந்திப்பம். ஒரு நாளில முடிஞ்சிடும். கௌரிக்குச் சொல்ல வேண்டாம், அழுவாள்."

நான் ஓமென்று சொல்லி, தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் நியாயமானவர் போலத் தெரிகிறது, ஐயா, நீங்களே சொல்லுங்கள். கௌரி அந்த மலையில்தான் சிரிக்கப் பழகினாள். ராசிக் அந்த மலையில்தான் பீடியை விட்டான். அலுவலகத்தில் என்னோடு வேலை செய்கிற இரண்டு பெண்பிள்ளைகள் அடுத்த பயணத்துக்குச் சப்பாத்தும் வாங்கிவிட்டார்கள். இத்தனை பேருடைய சந்தோசத்தை ஒரு மனிதர் தன்னுடைய நித்திரைக்காகச் சாம்பல் பூசி அழிப்பது சரியா? நான் எனக்காக யோசிக்கவில்லை. நான் எப்போதுமே எனக்காக யோசிக்கிறவள் அல்ல.

தொண்ணூற்றெட்டு, தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு. ராசிக் காலையில் என்னை மலையின் வடக்குப் பக்கத்துக் கிராமத்தில் இறக்கினான். பிறகு ஐயாவைத் தெற்கே தோட்டத்தடியில் விடப் போனான். வான் சுற்றிப் போக ஒரு மணித்தியாலம் வேண்டும். ஆகவே எனக்கு அவ்வளவு நேரம் முன்னால் கிடைத்தது. என் பையில் அவர் தந்த சாம்பல் டின் இருந்தது. பழைய மஞ்சளில் மிச்சம் இருந்த கால் டின்னும், அச்சும் தூரிகையும், ஒரு போத்தல் மண்ணெண்ணெயும், பழந்துணியும் இருந்தன. எதையும் கடைசி நேரத்தில் தேடுவது எனக்குப் பிடிக்காது.

என் பக்கத்துக் குறிகளில் ஒன்றையும் நான் அழிக்கவில்லை. அறுபத்து நாலு, அறுபத்து மூன்று என்று ஒவ்வொன்றையும் கையால் தொட்டுக்கொண்டு போனேன். என்ன காற்று அன்றைக்கு. குதிரைக்கல்லில் இருந்தபோது இரண்டு கையையும் விரித்தேன். பாடினேன்கூட. பத்து மணிக்கே தட்டைக்கல்லைத் தாண்டி இருபத்தொன்பதுக்கு வந்துவிட்டேன்.

இருபத்தொன்பதைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டும். அங்கே மலை ஒரு கடி கடித்த மாதிரி உள்ளே வளைந்திருக்கும். தோட்டப் பக்கத்திலிருந்து வரும் பாதை நேரே போகாமல், ஒரு பெரிய கல்லின் கீழாக இடது கைப்பக்கம் திரும்பி, அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஏறும். இருபத்தொன்பதாவது மஞ்சள் அந்தத் திருப்பத்தில் இருந்தது. நேரே போனால் பாசி பிடித்த ஒரு பாறைச் சரிவு. இரண்டு எட்டு வைக்கலாம். அதற்குப் பிறகு வைக்க ஒன்றும் இல்லை. அந்தக் குறியை வைத்த நாளில் ஐயா எங்கள் எல்லோரையும் நிறுத்தி, இந்த இடத்தில் கவனம் என்று இரண்டு முறை சொன்னார்.

திருப்பத்தில் இருந்த மஞ்சளைச் சாம்பலால் மூடினேன். சரிவு தொடங்கும் இடத்தில் முழங்கால் உயரக் கல் ஒன்று நின்றது. அதில் அச்சு வைத்து, இரண்டு இழுப்பில் மஞ்சளைப் பூசினேன். இலக்கமும் எழுதினேன். பிறகு பாதையால் சுற்றிப் பள்ளத்தின் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அந்தக் கல்லுக்கும் எனக்கும் இடையில் முப்பது அடி இருக்கும். பத்தரைக்கு மேல் அங்கே எப்போதும் பனிமூட்டம் ஏறும். அன்றைக்கும் ஏறியது.

அவர் வந்தார். வழுக்கி விழுந்தார். மரண விசாரணையில் என்னிடம், வழுக்கித்தான் விழுந்தாரா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். அது உண்மை. வேறு எதையும் அவர்கள் கேட்கவில்லை.

உடனே ஓடி உதவி கேட்டாயா என்று நீங்கள் கேட்கிறீர்கள். உடனே இல்லை. ஒரு பிழையான குறியை ஒரு பாதையில் விட்டுவிட்டுப் போகலாமா? வேறு ஆட்கள் வரக்கூடும். மண்ணெண்ணெய் போட்டு அந்த மஞ்சளைத் துடைத்து எடுத்தேன். திருப்பத்தில் பழைய இடத்தில் திரும்ப மஞ்சள் பூசினேன். துடைத்த துணியை மடித்துப் பைக்குள் வைத்தேன். பிறகு ஓடினேன். அங்கிருந்து ராமையாவின் காவற்கொட்டிலுக்கு நான் எடுத்த நேரம் முப்பத்தெட்டு நிமிடம். அதற்கு முன் ஐம்பதுக்குக் கீழே போனதேயில்லை. கொட்டில் வாசலில் நின்று அழுதேன். அழுகை தானாக வந்தது, நான் நடிக்கவில்லை. அவரை எனக்கு நல்ல விருப்பம்.

ஐயா அழித்துவிட்டு வந்த இருபத்தெட்டுக் குறிகளையும் திரும்பப் பூச எனக்கு நாலு ஞாயிறு பிடித்தது. ராசிக் ஒருமுறை கேட்டான். "மிஸ், அவரு மவுத்தான எடத்துக்கு இன்னும் என்னத்துக்கு மிஸ் போறீங்க?" அவருக்குச் செய்கிற கடமை என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு அலுவலகப் பிள்ளைகள் வந்தார்கள், அவர்களுடைய சிநேகிதிகள் வந்தார்கள். குதிரைக்கல்லில் ஆறு பெண்கள் வரிசையாக இருந்து கூவிக்கொண்டு போன காட்சியை நீங்கள் பார்த்திருந்தால், நான் சொல்வது விளங்கும்.

ராமையாவின் விசயம் எனக்கும் கவலைதான். பங்குனி மாதம் ஆமிக்காரர் மலையில் ஏறியிருக்கிறார்கள். சாம்பல் பூசிய கல்லில் புது மஞ்சளைக் கண்டு சந்தேகப்பட்டு, ராமையாவின் கொட்டிலைச் சோதித்திருக்கிறார்கள். அங்கே மஞ்சள் டின் இருந்தது. அந்த டின்னைக் கொழும்புக்கும் மலைக்கும் சுமந்து திரிவது பாரமென்று, அதை அங்கே வைத்தவள் நான். அவசரகாலச் சட்டத்தில் அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது பதினொரு மாதம். அதிலிருந்து தேத்தண்ணி வைக்க ஆளில்லை. நாங்கள் பிளாஸ்க் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

அவருடைய மனைவி இராமலெட்சுமி கொட்டாஞ்சேனைக்கு என்னைத் தேடி வந்தார். "அம்மா, அந்தத் தகரம் எதுக்குன்னே அவருக்குத் தெரியாதுங்க. நீங்க வச்சுட்டுப் போனதுன்னு மட்டும் சொல்றாரு. அதை அவுங்க நம்ப மாட்டேங்குறாங்க. நீங்க ஒரு வார்த்தை வந்து சொன்னா விட்டுருவாங்களாம்" என்றார். நான் அவருக்குச் சோறு போட்டேன். அவருடைய சார்பில் ஒரு மனு அடித்துக் கொடுத்தேன். மூன்று பிரதி. ஓர் எழுத்துப்பிழை இல்லை. ராமையாவின் நன்னடத்தை, இருபத்தாறு வருடச் சேவை, நாலு பிள்ளைகள், எல்லாம் எழுதினேன். டின்னைப் பற்றி எழுதவில்லை. அதை எழுதினால் பிறகு பாதையைப் பற்றி எழுத வேண்டி வரும், பாதையை மூடிவிடுவார்கள். இராமலெட்சுமி என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அந்த ஞாயிறு வானம் நன்றாகத் தெளிந்திருந்தது. கடல் தெரிகிறது என்று ஒரு பிள்ளை சத்தியம் பண்ணினாள்.

போன கிழமை கௌரி என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பேப்பர் பை. அதற்குள் மாமாவின் சேட்டு இருந்தது. அன்றைக்கு அவர் போட்டிருந்தது, ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ஒரு வருடமாக அதைப் பிரித்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லையாம்.

"அன்ரி, மாமா அண்டைக்கு அழிக்கத்தானே போனவர்? ராசிக் சொல்லித்தான் எனக்கே பிறகு தெரியும்."

"ஓம்."

"அவரிட்ட இருந்தது சாம்பல் டின். அப்ப சேட்டில மஞ்சள் எப்பிடி வந்தது? விரலால துடைச்ச மாதிரிக் கிடக்குது."

நெஞ்சுப் பக்கத்தில், பொக்கற்றுக்குக் கீழே, இரண்டு விரல் அகலத்தில் மஞ்சள். நான் அவளை இருத்தி, உங்களுக்குச் சொன்னதைப் போலவே முதலிலிருந்து சொன்னேன். எனக்குப் பொய் சொல்லும் பழக்கம் இல்லை. கேட்டால் சொல்வேன். அவள் அழவில்லை. எழும்பிக் கதவுவரை போய், திரும்பி, "அவர் விழ முதல் ஏதும் கதைச்சவரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அது மட்டும் சரியில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்றுதான் நானாகவே நடந்து இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

அவர் கதைத்தார். பனிமூட்டத்துக்குள்ளிருந்து, "மெற்றில்டா, நிக்கிறீரா?" என்று கூப்பிட்டார். "ஓம் ஐயா, மஞ்சளைப் பாத்து வாங்கோ" என்றேன். முழங்கால் உயரக் கல்லடிக்கு வந்தார். மூட்டம் அப்போது கொஞ்சம் விலகியது, முப்பது அடியில் அவரை முழுதாகக் கண்டேன். தொப்பி, சாம்பல் டின், தூரிகை. குறியை அழிக்கக் குனிந்தார். தூரிகை வைக்குமுன் விரலால் தடவிப் பார்த்தார். பெயின்ற் காயவில்லை. விரலைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் சிரித்தார், ஐயா. தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்.

"அழிக்கச் சொல்லி அனுப்பினா, நீர் புதுசாப் பூசிக்கொண்டு வாறீர்."

நான் மஞ்சள் டின்னை முதுகுக்குப் பின்னால் பிடித்தேன்.

"அவ்வளவு விருப்பமெண்டா விறாந்தையில வைச்சே சொல்லியிருக்கலாந்தானே, பிள்ளை." விரலைச் சேட்டில் துடைத்தார். சாம்பல் டின்னின் மூடியை அமத்தி மூடினார். தூரிகையைப் பொக்கற்றில் வைத்தார். "சரி, கிடக்கட்டும். நான் அழிக்கேல்ல. நான் அழிச்சதுகளையும் அடுத்த முறை வந்து நாங்கள் ரெண்டு பேருமாப் பூசுவம். வாறது வரட்டும்."

பாதை இருக்கும். இனி ஒருவரும் அதை அழிக்கப்போவதில்லை. எனக்கு உடம்பெல்லாம் இலேசாகி, நிலத்தில் கால் முட்டவில்லை என்பது போல் இருந்தது. அவர் நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கி, நான் நிற்கும் பக்கம் பார்த்தார்.

"நேரதானே வரவேணும்?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். அவ்வளவு சந்தோசமாக நான் ஒருவருக்கும் ஓம் சொன்னதில்லை.